வீட்டுக்கு ஒரு வெள்ளை

எங்கள் கவுன்ட்டியில், நம்மூர்க் கணக்கில் ஜில்லாவில், யார் எங்கே குடியிருக்கிறார்கள் என்பதைக் கண்ணைக் கட்டிவிட்டாலும் மூக்கை வைத்தே சொல்லிவிடலாம். பெரிய கால்வாயின் மேல்கரையில் சாணமும் காய்ச்சின பாலும் மணத்தால் அது சுவிஸ்காரர்களின் மாட்டுப்பண்ணை. ரயில் தண்டவாளத்தை ஒட்டிக் கருவாடு மணத்தால் ஃபிலிப்பினோ ஆட்களின் கூடாரம். பன்றிக்கொழுப்பில் கீரை வேகிற வாசம் வந்தால் ஓக்லஹாமாவிலிருந்து பருத்தி எடுக்க வந்த கறுப்பர்கள். டவுனுக்குள் நுழைந்துவிட்டால் வெறும் சோப்பு வாசனைதான், அது வெள்ளைக்காரர்கள். மிளகாய் கருகும் நெடியும் நெய் உருகும் மணமும் ஒரே அடுப்பிலிருந்து சேர்ந்து வந்தால் அது எங்கள் வீடுகளில் ஒன்று.

எங்கள் வீடு என்று சொல்வது மரியாதைக்குத்தான். எனக்கு வீடு கிடையாது, லாரிதான் உண்டு. ஜலந்தர் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்த மெஹர் தீன் நான். பஞ்சாபிலிருந்து ஆம்பிளைகள் மட்டும்தான் வந்தோம். வந்தவர்களில் கெட்டிக்காரர்கள் எல்லைக்கு அப்பாலிருந்து வந்த மெக்சிகோப் பெண்களைக் கட்டிக்கொண்டு குடும்பமானார்கள். மற்றவர்கள் என்னைப்போல அடுத்தவன் வீட்டு அடுப்பை மோப்பம் பிடித்துக்கொண்டு வண்டி ஓட்டுகிறோம். நான் பெரும்பாலும் வண்டியை நிறுத்துவது லாப் சிங் வீட்டில். அவன் மனைவி சொகோரோ சோளமாவில் தட்டுகிற ரொட்டிக்கும், அவன் சொல்லிக்கொடுத்து அவள் வைக்கிற பருப்புக்கும் இந்தப் பள்ளத்தாக்கில் ஈடு கிடையாது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதாம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் ஜனத்தொகைக் கணக்கு எடுக்க ஒரு பையன் வந்தான். வெண்டல் என்று பெயர், இருபத்திரண்டு வயது இருக்கும். கழுத்துப்பட்டையெல்லாம் கட்டிக்கொண்டு, மேசைவிரிப்பு அகலத்துக்கு ஒரு தாளை மடித்து வைத்திருந்தான். நாணல் பந்தலுக்கு அடியில் அவனை உட்காரவைத்தார்கள். வேலை இல்லாத நாள் என்பதால் எல்லாரும் சுற்றி நின்றோம்.

"வீட்டுத் தலைவர் நீங்களா?" என்று லாப் சிங்கைக் கேட்டான்.

"அடுப்படிக்கு வெளியே நான்தான்," என்றான் லாப்.

"இனம்?"

"சீக்கியன்."

"அப்படி ஒண்ணு இதுல இல்லீங்க. இந்துன்னு போட்டுக்கறேன். இவரு?"

"இவன் கேஹர் சிங். நிலத்துல என் கூட்டு. இங்கதான் இருக்கான்."

"அப்ப அவரும் இந்து."

லாப் என் பக்கம் கையைக் காட்டினான். "அதோ லாரிப் படியில உக்காந்திருக்கானே, அவன் அஞ்சு வேளை தொழுறவன். அவனை என்ன எழுதினீங்க?"

வெண்டல் பழைய தாளைப் புரட்டிப் பார்த்தான். "அவரும் இந்துதான்."

"ஏன் மெஹரு, ஊருக்குக் கடுதாசி போடுறப்ப இதையும் எழுதிப்புடு. உங்கப்பாரு சந்தோசப்படுவாரு," என்றான் லாப்.

"உனக்கென்னடா, நீ சொர்க்கத்துக்குப் போறவனா? எந்தப் பேருல எழுதினா என்ன?" என்றேன்.

சொகோரோவை மெக்சிகன் என்று எழுதினான். பிள்ளைகள் மூன்றும் இந்து. சட்டப்படி அப்பன் எதுவோ அதுவாம். சொகோரோ அடுப்படியிலிருந்தே கேட்டாள்: "பெத்தது நானு, பேரு அவங்கப்பனுக்கா?"

"விதி அப்படித்தாம்மா இருக்கு."

"எவன் எழுதின விதி? பிள்ளை பெத்தவன் எவனும் எழுதியிருக்க மாட்டான்."

அப்போது சொகோரோவின் தங்கை எலோய்சா எலுமிச்சைச் சாறு கொண்டுவந்தாள். மூன்று மாதம் முன்புதான் அக்காவுக்குத் துணையாக எல்லை தாண்டி வந்திருந்தாள். தலைக்குக் குளித்து முடியை விரித்துப்போட்டிருந்தாள். மெக்சிகோவில் சொனோராப் பக்கத்துப் பெண்களில் சிலர் அப்படித்தான் இருப்பார்கள். அக்கா வெல்லம் மாதிரி என்றால் தங்கை பால்கோவா மாதிரி. வெண்டல் தாளைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், மறுபடி அவளையே பார்த்தான்.

"இவங்க... வெள்ளைதானே?"

லாப் சிங்குக்கு வாய் சும்மா இருக்காது. "பின்ன என்ன? எழுதுங்க. இந்து இருக்கு, மெக்சிகன் இருக்கு, கோவேறு கழுதை ரெண்டு இருக்கு. வீட்டுக்கு ஒரு வெள்ளை இருந்தா என்ன கெட்டுப்போச்சு?"

நாங்கள் எல்லாரும் சிரித்தோம். சொகோரோவும் சிரித்தாள். பையன் நாங்கள் சிரித்ததைக் கவனிக்காமல் மூக்கு தாளில் படுகிற மாதிரி குனிந்து எழுதினான். எலோய்சா மட்டும் சர்க்கரைக் கிண்ணத்தை அவன் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு உள்ளே போனாள்.

அந்த எழுத்து உடனே பலித்தது. டவுனில் வெண்டலின் அத்தை தங்கும் விடுதி நடத்துகிறாள். வெள்ளைக்காரப் பெண்களைத்தான் வேலைக்கு வைப்பாள். பையன் போய்ச் சொல்லியிருக்கிறான். அடுத்த வாரமே எலோய்சாவுக்குப் படுக்கை விரிப்புகளைத் தேய்த்து மடிக்கிற வேலை கிடைத்தது. நிழலில் வேலை, தலைக்கு மேலே மின்விசிறி வேறு. வாரத்தில் மூன்று நாள் என் லாரியில்தான் போய்வந்தாள். வயலில் குனிந்து குனிந்து முதுகு போனவர்களுக்குத்தான் அந்த வேலையின் அருமை தெரியும்.

மே மாதம் முலாம்பழம் காய் பிடித்தபோது கல்யாணப் பேச்சும் பிடித்தது. கூட்டாளிகள் இரண்டு பேர் அக்கா தங்கையைக் கட்டுவது எங்களில் வழக்கம். நிலமும் பிரியாது, அடுப்பும் பிரியாது. கேஹர் சிங்குக்கு முப்பத்தெட்டு வயது. அளந்துதான் பேசுவான். தலைப்பாகையை எடுத்துவிட்டு முடியை வெட்டிக்கொள் என்று லாப் எத்தனையோ தடவை சொல்லியும் கேட்டதில்லை. எலோய்சா அவனை நாலு மாதமாக நன்றாகப் பார்த்துவிட்டுத்தான் சரி என்றாள். யாரும் அவளை வற்புறுத்தவில்லை. அவளை வற்புறுத்தவும் முடியாது.

அக்கா தங்கையின் அப்பா தோன் அன்செல்மோ எல்லைக்கு அப்பால் சேணம் தைக்கிறவர். அவர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். கவுன்ட்டி முத்திரை குத்தின கல்யாண லைசென்ஸ் வேண்டும், அதை அவர் கண்ணால் பார்க்க வேண்டும். ஜூன் மூன்றாவது ஞாயிற்றுக்கிழமைக்குள் வரவில்லையென்றால் மகளை வந்து கூட்டிப்போய்விடுவார். அங்கே ஒரு ரொட்டிக்கடைக்காரன், மனைவியை இழந்தவன், ஏற்கனவே கேட்டுக்கொண்டிருந்தான்.

சிக்கல் அந்த லைசென்ஸில்தான் இருந்தது. அதில் நிறம் என்று ஒரு கட்டம் உண்டு. வெள்ளையும் வேறு நிறமும் கட்டிக்கொள்ளக் கூடாது என்பது சட்டம். எங்கள் ஆட்களை எதில் சேர்ப்பது என்று சட்டத்திலேயே தெளிவில்லை, அதனால் கவுன்ட்டி ஆபீஸில் லைசென்ஸ் எழுதுகிற கிளார்க் பீபி என்பவரின் கண்ணுக்கு எப்படித் தெரிகிறதோ அதுதான் சட்டம். மாப்பிள்ளையும் பெண்ணும் ஏறக்குறைய ஒரே நிறமாக இருந்தால் தலையைத் தூக்காமல் இரண்டு பேருக்கும் 'மாநிறம்' என்று எழுதிவிடுவார். போன வருஷம் பக்தாவர் கூட்டிப்போன பெண் கொஞ்சம் வெளுப்பு. திருப்பி அனுப்பிவிட்டார். அவர்கள் அந்தச் சட்டம் இல்லாத நியூ மெக்சிகோ மாகாணம் வரைக்கும் போய்க் கட்டிக்கொண்டு வருவதற்குள் இலைக்கோசு முழுக்கப் பூ விட்டுவிட்டது. முலாம்பழம் அதைவிட மோசம். காலையில் பறிக்காமல் விட்டால் சாயங்காலம் கொடியிலேயே அழுகும். போய்வர நாலு நாள் ஒதுக்க யாராலும் முடியாது.

சொகோரோ ஒரு வழி கண்டுபிடித்தாள். "விடுதிக்கு லீவு சொல்லிடு. ரெண்டு வாரம் தொப்பி இல்லாம வயல்ல நில்லு. தானா மாநிறம் வந்துரும்."

எங்கள் ஊர் ஜூன் வெயில் தகரக் கூரையில் முட்டை பொரிக்கும். விடியும் முன்பே பறிப்பு ஆரம்பிக்கும். தோளில் சாக்கைத் தொங்கவிட்டுக்கொண்டு, காம்பு தானாகக் கழன்று வருகிற பழமாகப் பார்த்துக் குனிந்து எடுத்து முதுகுப் பக்கம் போட்டுக்கொண்டே போக வேண்டும். சாக்கு நிறைந்ததும் பலகை ஏறி என் லாரியில் கொட்ட வேண்டும். எலோய்சா ஆம்பிளைகளுக்குச் சமமாகப் பறித்தாள். ஆனால் நிறம் மட்டும் வரவில்லை. முதல் வாரம் நண்டு மாதிரி சிவந்தாள், இரண்டாம் வாரம் தோல் உரிந்து முன்னைவிட வெளுப்பாக வெளியே வந்தாள்.

இதே சமயத்தில் சொகோரோவின் தயிர்ப் பானை தினமும் காலியானது. பிள்ளைகளை அதட்டினாள், பூனையை விரட்டினாள். கடைசியில் பம்புக் கொட்டகைக்குப் பின்னால் முகம் முழுக்கத் தயிரை அப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்த கேஹர் சிங்கைக் கையும் களவுமாகப் பிடித்தாள்.

"இது என்ன கொழுந்தனாரே கோலம்?"

"வெளுக்கும்னு லாப் சொன்னான் அண்ணி."

"உங்க நிறம் வெளுக்கணும்னா என் மாடு பத்து ஜென்மம் கறக்கணும். எழுந்திருச்சுப் போய் மூஞ்சியைக் கழுவுங்க."

வெள்ளிக்கிழமை காலைப் பறிப்பை முடித்துக்கொண்டு அஞ்சு பேரும் டவுனுக்குப் போனோம். லாப்பும் சொகோரோவும் பின்னால் காலிப் பெட்டிகள்மேல், மாப்பிள்ளையும் பெண்ணும் முன்னால் என் பக்கத்தில். இரண்டாவது சாட்சி நான்.

கிளார்க் பீபிக்கு வயிற்று வலி உண்டு. மேசைமேல் எப்போதும் ஒரு மருந்துப் பொடி டப்பா இருக்கும். அன்றைக்கும் அவர் தலையைத் தூக்கவில்லை. பெயர் கேட்டார், வயது கேட்டார். பேனா நிறக் கட்டத்துக்கு வந்தது. எனக்கு உயிர் வந்த மாதிரி இருந்தது. அப்போது பின்னறையிலிருந்து கட்டு கட்டாகக் காகிதத்தைத் தூக்கிக்கொண்டு வந்தது யார் என்று நினைக்கிறீர்கள்? நம்ம வெண்டல். ஜனக்கணக்கு முடிந்ததும் அங்கே நகலெடுக்கும் வேலையில் சேர்ந்திருக்கிறான்.

"மிஸ் எலோய்சா, சவுக்கியமா? அத்தை உங்களைக் கேட்டுக்கிட்டே இருக்காங்க." பிறகு பீபியிடம் பெருமையாகச் சொன்னான்: "இவங்க வீட்டுக்கு நான்தான் சார் கணக்கெடுத்தேன். நல்லா ஞாபகம் இருக்கு. வீடு பூரா இந்து, மெக்சிகன். இவங்க ஒருத்தர் மட்டும் வெள்ளை."

பாவம், அவன் மனதில் கெட்ட எண்ணம் எள்ளளவும் கிடையாது. பீபி தலையைத் தூக்கினார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு எலோய்சாவை முதல் தடவையாகப் பார்த்தார். பேனாவை மூடினார்.

"முடியாது."

லாப் சிங்குக்கு முகம் செத்துப்போனது. "சார், அது நான் விளையாட்டுக்குச் சொன்னது சார். அன்னிக்கு வேடிக்கையா..."

"அரசாங்கத் தாள்ல உனக்கு என்னய்யா விளையாட்டு?"

"என் வாய்தான் சார். என் வாயை அடிங்க. அந்தப் பொண்ணு என்ன செஞ்சுது?"

"அந்தத் தாள் தலைநகருக்குப் போயாச்சு. இந்தப் பொண்ணு வெள்ளை, அவரு இந்து. சட்டப்படி நான் எழுத முடியாது. அடுத்த ஆளு யாரு?"

கேஹர் சிங்குக்கு இங்கிலீஷ் தண்ணீர், வாய்க்கால், பழம் என்கிற அளவுக்குத்தான். பீபியின் முகத்தைப் பார்த்தே விஷயத்தைப் புரிந்துகொண்டான். தலைப்பாகையைத் தொட்டுச் சரிசெய்துகொண்டு சுவரோரமாகப் போய் நின்றான். அதைப் பார்த்த எனக்கு லாப் சிங்கை அங்கேயே நாலு போடலாம் போல இருந்தது.

சொகோரோ கைப்பையை மேசைமேல் வைத்தாள்.

"சார், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தொண்ணுல ஒரு புஸ்தகம் இருக்குமே, அதைக் கொஞ்சம் எடுங்க."

"எதுக்கு?"

"என் கல்யாணம் அதுலதான் இருக்கு. பிப்ரவரி மாசம். நீங்கதான் எழுதினீங்க. அப்ப உங்களுக்குத் தலையில முடி இருந்துச்சு."

வெண்டல் சிரிப்பை அடக்கிக்கொண்டு போய்ப் பேரேட்டை எடுத்துவந்தான். பீபி வேண்டாவெறுப்பாகப் புரட்டினார்.

"என்ன நிறம்னு போட்டிருக்கு?"

"மாநிறம். ரெண்டு பேருக்கும்."

"இவ என் கூடப்பிறந்தவ. ஒரே அப்பன், ஒரே ஆத்தா. ஞானஸ்நானச் சீட்டு ரெண்டும் பையில இருக்கு, வேணும்னா பாருங்க. இவ வெள்ளைன்னா நானும் வெள்ளைதானே?"

"அக்கா தங்கச்சி நிறம் மாறி இருக்கறது உண்டும்மா."

"தோல் மாறும் சார். இனம் எப்படி மாறும்? நான் வெள்ளைன்னா ஒரு இந்துக்குக் கட்டிவச்சது சட்டப்படி தப்பு. ஒம்பது வருசமா தப்பு. மூணு பிள்ளை பெத்துட்டேன், மூணும் தப்பு. சரி, தப்பாவே இருக்கட்டும். கீழ கையெழுத்து யாருது சார்?"

பீபி பேரேட்டைப் பார்த்தார். அதே பக்கத்தில் எங்கள் ஆட்களின் கல்யாணம் இன்னும் நாலு இருந்தது, எல்லாம் அவர் கையெழுத்து. டப்பாவைத் திறந்து பொடியைத் தண்ணீரில் கலக்கிக் குடித்தார்.

"நான் எதையும் தீர்மானிக்கப் போறதில்லை," என்றார் கடைசியில். "அந்தப் பொண்ணே சொல்லட்டும். கையைத் தூக்கி சத்தியம் பண்ணட்டும். அது சொல்றதை எழுதறேன். ஆனா எழுதினது எழுதினதுதான். நாளைக்கு வந்து அழக் கூடாது."

வெண்டல் மேசையைச் சுற்றி எலோய்சாவின் பக்கம் வந்தான். "யோசிச்சுச் சொல்லுங்க மிஸ். அத்தை காதுக்குப் போனா வேலைக்கு வச்சுக்க மாட்டாங்க. இந்த ஊர்ல வெள்ளையா இருக்கறது..." அவன் காது சிவந்துபோனது.

எலோய்சா யோசித்தாள். நன்றாகவே யோசித்தாள். நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன், முள் இரண்டு தடவை நகர்ந்தது. சொகோரோ ஏதோ சொல்ல வாயெடுத்து அடக்கிக்கொண்டாள். சொகோரோ வாயை அடக்கி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

எலோய்சா வலது கையைத் தூக்கினாள். புறங்கையில் வெயிலில் உரிந்த தோல் இன்னும் ஓரிடத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது.

"மாநிறம்," என்றாள். பிறகு வெண்டலைப் பார்த்து, "அத்தைகிட்ட சொல்லிடுங்க, திங்கக்கிழமை வரமாட்டேன். வெளுத்த விரிப்பெல்லாம் ரெண்டாவது அலமாரியில இருக்கு," என்றாள்.

பீபி எழுதினார், முத்திரை குத்தினார். நானும் லாப்பும் சாட்சிக் கையெழுத்துப் போட்டோம். லாப்பின் பெயர் கோணலாக விழுந்தது. வாசல்வரை வந்து எங்களை வழியனுப்பிய வெண்டல் கேஹர் சிங்குக்குக் கை கொடுத்தான். நல்ல பையன்தான்.

திரும்பி வரும்போது பின்னால் பெட்டிகள்மேல் சொகோரோ லாப்பை வாட்டிக்கொண்டிருப்பது இன்ஜின் சத்தத்தையும் மீறிக் கேட்டது. இனி எவன் என்ன கேட்டாலும் அவன் வாயைத் திறக்கக் கூடாது, ஊமை என்று எழுதச் சொல்லிவிடுவாளாம். அவன் சரி சரி என்று சொல்லிக்கொண்டு வந்தான். இரண்டு பேருக்கும் சந்தோஷம் தாங்கவில்லை என்பது அந்தச் சண்டையிலேயே தெரிந்தது.

பருத்திக்காடு தாண்டி, பெரிய மதகு தாண்டினதும் கேஹர் சிங் என்னிடம் பஞ்சாபியில் கேட்டான்.

"அங்க ஏன் அவ அவ்வளவு நேரம் நின்னா?"

"இங்கிலீஷ் வார்த்தை தேடியிருப்பா," என்றேன். பொய்தான். நல்ல நாளில் அவன் மனம் நோகக் கூடாதே என்று சொன்ன பொய்.

எலோய்சாவுக்கு அதற்குள் பஞ்சாபி பாதி புரியும். "பாய், என் பதிலை நீங்க சொல்லாதீங்க," என்றாள். அவன் பக்கம் திரும்பி, சமையலறையில் கற்றுக்கொண்ட பஞ்சாபியும் ஸ்பானிஷும் கலந்து பேசினாள். "யோசிச்சுக்கிட்டு நின்னேன். நிசமாத்தான். வெள்ளையா இருந்த ரெண்டு மாசமும் நல்லா இருந்துச்சு. நிழல் இருந்துச்சு, விசிறி இருந்துச்சு. கடையில முதல்ல எனக்குத்தான் சாமான் கொடுத்தாங்க. அதை விட்டுட்டு வர்றதுக்குக் கஷ்டமாத்தான் இருந்துச்சு."

கேஹர் சிங் ரோட்டைப் பார்த்தபடி இருந்தான். "அப்புறம் ஏன் விட்ட?"

"விடுதியில பதினாலு பேர் இருக்காங்க. ரெண்டு மாசத்துல ஒருத்தர்கூட என்னைச் சாப்பிட்டியான்னு கேக்கலை."

அரை மைல் தாண்டினோம். வெயில் கண்ணாடியில் அடித்தது. கேஹர் சிங் இரண்டு தடவை தொண்டையைச் செருமினான். மூன்றாவது தடவையில்தான் குரல் வந்தது.

"காலையில ஏதாவது சாப்பிட்டியா?"

"இல்லை," என்றாள்.

நான் வண்டியை ஓரங்கட்டினேன்.